உதவிப் பக்கங்களுக்குத் தேடல் அமைப்பது: வேகம், அளவு, துல்லியம் – ஒரு முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறையிலோ கல்முனையிலோ ஒரு நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறவர், மென்பொருளின் உதவிப் பக்கத்தை ஆற அமரப் படிப்பதற்காகத் திறப்பதில்லை. வாசலில் லொறி நிற்கும், சிட்டை பிழையாக அடிபட்டிருக்கும், முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அவசரத்தில் தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டுவார். விடை வந்தால் சரி. வராவிட்டால் அடுத்த நிமிடம் உங்கள் போன் அடிக்கும். பெரும்போக அறுவடை நாட்களில் அந்தப் போன் ஓய்வதே இல்லை.

இந்த வழிகாட்டி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கடை, ஆலை, கூட்டுறவுச் சங்கம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் செய்து, தமிழிலேயே உதவிப் பக்கமும் எழுதுகிறவர்களுக்கானது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டுத் திட்டமாகத் தேடலை எடுத்துச் செய்யும் மாணவர்களுக்கும் உதவும். நிரல் எழுதத் தெரியும், தரவுத்தளம் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தேடலில் எந்த வசதியும் சும்மா கிடைப்பதில்லை. சொற்றொடர் தேடல், பாதிச் சொல்லுக்கும் விடை, விகுதி கழித்துத் தேடுவது, விடையோடு ஒரு வரி காட்டுவது எல்லாவற்றுக்கும் நேரமோ இடமோ நினைவகமோ செலவாகும். அந்தச் செலவை யார் தலையில் போடுகிறீர்கள்? பக்கங்களைக் கட்டும் உங்கள் கணினியில் போடலாம், சர்வரில் போடலாம், வாசகரின் போனிலும் டேட்டாவிலும் போடலாம். உதவிப் பக்கங்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறினாலே பெரிது. தேடுவதோ நாள் முழுக்க நடக்கும். ஆகவே சுமையை முடிந்த மட்டும் கட்டும் நேரத்திலேயே, உங்கள் கணினியிலேயே இறக்கிவிடுங்கள்.

1. முதலில் ஒரு பேனையும் தாளும்

எந்தத் தேடல் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன் உங்களிடம் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு 300 பக்கம், பக்கத்துக்கு 400 சொல் என்று வைத்தால் 120,000 சொல். ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சராசரியாக எட்டு யுனிகோட் குறி என்று கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். இடைவெளியோடு சேர்த்துச் சொல்லுக்கு 25 பைட், மொத்தம் ஏறத்தாழ 3 எம்பி.

இதே எழுத்தை ஜேசன் கோப்பாக எழுதும்போது பைத்தானின் இயல்பான அமைப்பை அப்படியே விட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் 6 பைட் நீளமான தப்பிப்புக் குறியாக (எஸ்கேப்) மாறும். 3 எம்பி கிட்டத்தட்ட 6 எம்பி ஆகிவிடும். ஆஸ்கி மட்டும் என்ற அந்த அமைப்பை அணைத்துவிட்டால் போதும், பாதி மிச்சம். ஒரே வரி மாற்றம், பலர் கவனிப்பதில்லை.

ஜிஸிப் அமுக்கம் தமிழுக்கு நன்றாக வேலை செய்யும். தமிழ்க் குறிகள் எல்லாமே முதல் இரண்டு பைட்டில் இரண்டே வகைதான், அதனால் நிறைய அமுங்கும். ஆனால் அமுக்கம் குறைப்பது வழியில் போகும் பைட்டை மட்டும்தான். வந்து சேர்ந்த பிறகு போன் அதை விரித்து, அலசி, நினைவகத்தில் வைத்தாக வேண்டும். அமுக்காத 3 எம்பி, செக்கனுக்கு 1 மெகாபிட் வரும் இணைப்பில் இறங்க 24 செக்கன் எடுக்கும். படுவான்கரையில் சிக்னல் ஒரு கோடாக இறங்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை.

கணக்கு முடிந்ததும் ஒரு உண்மை தெரியும்: 3 எம்பி என்பது தேடல் உலகில் தூசு. ஒரு நல்ல கணினி இன்டெக்ஸே (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இல்லாமல் முழுவதையும் ஒரு கண் சிமிட்டில் வருடிவிடும். சிறிய உதவித் தொகுப்பில் இன்டெக்ஸ் தேவைப்படுவது, வாசகரின் போனுக்கு முழு எழுத்தையும் அனுப்பாமல் இருக்கவும், விடைகளைத் தரவரிசைப்படுத்தவும்தான்.

2. தேடல் எங்கே நடக்க வேண்டும்

மூன்று இடம் உண்டு.

ஒன்று, உலாவிக்குள். லன்ர் போன்ற நிரல் நூலகங்களில் இன்டெக்ஸை முன்கூட்டியே கட்டி, ஒரே கோப்பாக அனுப்பிவிடலாம். ஒருதரம் இறங்கிவிட்டால் இணையமே தேவையில்லை, ஒவ்வொரு தேடலும் உடனடி. முதல் தேடலுக்கு முன் முழுவதும் இறங்க வேண்டும் என்பதுதான் விலை. பேஜ்ஃபைண்ட் என்ற இன்னொரு கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது: இன்டெக்ஸைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, தேடிய சொல்லுக்குரிய துண்டை மட்டும் இறக்கும். 10,000 பக்கத் தளத்திலும் நூலகத்தையும் சேர்த்து மொத்த இறக்கம் 300 கேபிக்குள் இருக்கும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. பைட் குறைகிறது, ஆனால் புதுச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை வலைக்குப் போய் வர வேண்டும். பலவீனமான சிக்னலில் பைட்டைவிட இந்தப் போக்குவரத்துத்தான் கடிக்கும்.

உதவிப் பக்கங்களை மென்பொருளோடு சேர்த்து ஹார்ட் டிஸ்கிலேயே போட்டுக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கம், வேறு கோப்பைத் தன்பாட்டில் எடுக்க உலாவிகள் விடுவதில்லை. அதனால் துண்டு துண்டாக இறக்கும் முறை அங்கே படுத்துவிடும். ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி செய்வதுபோல் இன்டெக்ஸை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பாகவே எழுதி, பக்கத்தோடு இணைத்துவிட்டால் ஓடும்.

இரண்டாவது, மென்பொருளுக்குள்ளேயே எஸ்கியூலைட் தரவுத்தளம். அதன் எஃப்டிஎஸ்5 நீட்சி முழு உரைத் தேடலுக்கென்றே செய்தது. ஆலைக் கணக்குப் போன்ற மேசைக் கணினி மென்பொருளுக்கு என் தெரிவு இதுதான். ஏற்கனவே தரவு அதற்குள்தான் இருக்கும்.

மூன்றாவது, எலாஸ்டிக்சர்ச் போன்ற தனித் தேடல் மென்பொருளைச் சர்வரில் ஓட்டுவது. 300 பக்கத்துக்கு இது வேண்டாம். அதன் அடியில் ஓடும் ஜாவா இயந்திரம் மட்டும் தின்னும் நினைவகத்துக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். பல மென்பொருள், பல பதிப்பு, ஆயிரக்கணக்கான பக்கம் என்று வளர்ந்த பிறகு யோசியுங்கள். அதற்கு முன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கும் உரைத் தேடலே தாங்கும்.

3. எழுத்தைச் சீராக்குதல்

இது சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டி எதுவும் சரிவராது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒகரக் குறியும், அல்லது க, எகரக் குறி, கால். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. என்எஃப்சி என்ற யுனிகோட் சீராக்கம் இதை ஒன்றாக்கிவிடும். இன்டெக்ஸ் கட்டும்போதும் செய்யுங்கள், தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்வது செய்யாததற்குச் சமம்.

என்எஃப்சி பிடிக்காத சில உண்டு. ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்போடு ‘ள’ தட்டி ‘கெள’ என்று எழுதுவது ஒன்று. வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறி இன்னொன்று. இவற்றுக்குச் சின்ன மாற்று அட்டவணை வேண்டும். பழைய கையேடு பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் அதை யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி உரை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எந்தத் தேடல் இயந்திரமும் அதில் ஒரு தமிழ்ச் சொல்லையும் காணாது.

சீராக்கத்தின் செலவு முழுக்கக் கட்டும் நேரத்தில்தான். வாசகருக்கு இரண்டு சொல்லைச் சீராக்கும் செலவு மட்டும். அதை அளக்கவே முடியாது.

4. சொல்லைப் பிரித்தல்: பெரும்பாலான தமிழ்த் தேடல் சாவது இங்கேதான்

உரையைச் சொற்களாக வெட்டும் பகுதிக்கு டோக்கனைசர் என்று பெயர். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டோக்கனைசர் தமிழை என்ன செய்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம்.

‘கோப்பு’ என்பதில் ஆறு குறி: க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி. எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசரான யுனிகோட்61, யுனிகோட் வகைப்பாட்டில் எழுத்து, எண் என்று பதிவானவற்றை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘ஒட்டுக்குறி’ என்ற வேறு வகை. ஆகவே அவற்றை இடைவெளிபோல் நினைத்து வெட்டிவிடும். ‘கோப்பு’ என்பது க, ப, ப என்று மூன்று டோக்கன்.

இப்போது ‘காப்பு’ என்ற சொல்லை அதே கத்தியில் வைத்துப் பாருங்கள். க, ப, ப. ‘கோப்பை’யும் க, ப, ப. ‘காப்புப்பிரதி’யும் அப்படியே தொடங்குகிறது. கணக்கர் ‘கோப்பு’ என்று தேடினால் காப்புப்பிரதி எடுக்கும் பக்கம் எல்லாம் வந்து நிற்கும். இதில் ஏமாற்று என்னவென்றால், தேடல் வேலை செய்வதுபோலவே தோன்றும். விடைகள் வரும், அவற்றில் சரியானதும் இருக்கும். அதனால் சோதித்துப் பார்த்தவர் திருப்தியாகப் போய்விடுவார்.

துல்லியம் மட்டுமல்ல, வேகமும் இங்கே அடிபடுகிறது. ஒற்றைச் சொல் தேடல், தெரியாமலே மூன்று டோக்கன் வரிசையாக வரவேண்டிய சொற்றொடர் தேடலாக மாறுகிறது. ‘க’, ‘ப’ போன்ற டோக்கன்கள் எல்லாப் பக்கத்திலும் நூற்றுக்கணக்கான இடத்தில் இருக்கும். அந்த நீளமான இடப் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். இன்டெக்ஸும் வீங்கும், தேடலும் இழுபடும்.

தீர்வு ஒரு வரிதான். யுனிகோட்61-க்கு ‘வகைகள்’ என்று ஒரு அமைப்பு உண்டு. எழுத்து, எண், தனிப்பயன் ஆகிய இயல்பான வகைகளோடு, இடம்பிடிக்கும் ஒட்டுக்குறி, இடம்பிடிக்காத ஒட்டுக்குறி என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தமிழ்ச் சொல் முழுசாக நிற்கும். ஏற்கனவே கட்டிய இன்டெக்ஸுக்கு இது பொருந்தாது, அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

லன்ரில் நிலைமை இன்னும் மோசம், அதனாலேயே கண்டுபிடிப்பது சுலபம். அதன் இயல்பான ஓட்டத்தில், சொல்லின் இரு முனையிலும் எழுத்தல்லாதவற்றைச் சீவும் ஒரு கட்டம் இருக்கிறது. அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் எழுத்தாகக் கணக்கெடுக்காது. தமிழ்ச் சொல் முழுவதையும் சீவி வெறுமையாக்கிவிடும். இன்டெக்ஸ் ஆச்சரியமாகச் சின்னதாக இருக்கும், தேடினால் ஒன்றும் வராது. லன்ர் மொழிச் சேர்க்கையில் தமிழுக்கும் கோப்பு உண்டு. அதைப் போடுங்கள், அல்லது அந்தச் சீவும் கட்டத்தை நீங்களே மாற்றி எழுதுங்கள்.

லூசீன் என்ற தேடல் நூலகத்தின் வழிவந்தவற்றில் (எலாஸ்டிக்சர்ச் அதில் ஒன்று) இந்தப் பிரச்சினை இல்லை. அதன் பொது டோக்கனைசர் யுனிகோட் சொல்லெல்லை விதிகளைப் பின்பற்றுவதால் ஒட்டுக்குறிகளைச் சொல்லோடுதான் வைத்திருக்கும்.

எந்தக் கருவியானாலும் சோதனை ஒன்றே: ‘கோப்பு’ மட்டும் இருக்கும் ஒரு பக்கம், ‘காப்பு’ மட்டும் இருக்கும் ஒரு பக்கம். இரண்டையும் இன்டெக்ஸ் செய்து ஒன்றைத் தேடுங்கள். இரண்டும் வந்தால் மேலே போக வேண்டாம், இதை முதலில் திருத்துங்கள்.

5. இன்டெக்ஸுக்குள் எவ்வளவு வைப்பது

இன்டெக்ஸ் என்பது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியல். கூடவே அந்தச் சொல் பக்கத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதையும் வைத்தால் சொற்றொடர் தேடல் முடியும். அந்த இட விபரம்தான் இன்டெக்ஸின் பெரும் பாரம்.

எஃப்டிஎஸ்5-இல் ‘விபரம்’ என்ற அமைப்புக்கு மூன்று நிலை: முழுமை (இட விபரம் எல்லாம்), நிரல் (அட்டவணையின் எந்த நிரலில் என்பது மட்டும்), இல்லை. எஸ்கியூலைட் ஆவணத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. 1636 எம்பி மின்னஞ்சல் தொகுப்புக்கு முழுமையான இன்டெக்ஸ் 743 எம்பி, நிரல் மட்டும் வைத்தால் 340 எம்பி, எதுவும் வைக்காவிட்டால் 134 எம்பி. ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இட விபரம் இல்லாத இன்டெக்ஸில் சொற்றொடர் தேடினால் பிழைச் செய்திதான் வரும். நான்காம் பகுதியில் சொன்னதைச் செய்யாமல் வந்தவர்கள் இங்கே மறுபடி மாட்டுவார்கள்: டோக்கனைசரைத் திருத்தாமல் இந்தச் சிக்கனத்தைச் செய்தால், சாதாரண ஒற்றைத் தமிழ்ச் சொல்லே உள்ளுக்குள் சொற்றொடர் என்பதால் அதற்கும் பிழை வரும்.

உதவிப் பக்கத்துக்கு என் அபிப்பிராயம்: மேசைக் கணினியில் ‘முழுமை’யையே வையுங்கள். 3 எம்பி உரைக்கு அது சில எம்பிதான், அங்கே இடம் பிரச்சினையே அல்ல. போனுக்கு அனுப்பும் இன்டெக்ஸில் இட விபரத்தை விட்டுவிடுங்கள். லன்ர் இயல்பாகவே அதை வைப்பதில்லை, நீங்கள் கேட்டால்தான் சேர்க்கும், கேட்காதீர்கள். உதவி தேடுகிறவர் மேற்கோள் குறி போட்டுத் தேடுவது அரிது.

எஃப்டிஎஸ்5 இயல்பாக உரையின் முழுப் பிரதியையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். உரை ஏற்கனவே வேறு அட்டவணையில் இருந்தால் ‘வெளி உள்ளடக்கம்’ முறையில் இணைத்து இரட்டிப்பைத் தவிர்க்கலாம். உள்ளடக்கமே இல்லாத முறையும் உண்டு. அதில் விடையோடு ஒரு வரித் துணுக்குக் காட்ட முடியாது. துணுக்கு இல்லாத விடைப் பட்டியல் அவசரத்தில் தேடுகிறவருக்கு உதவாது. அந்தச் சேமிப்பு வேண்டாம்.

6. விகுதிகள்: மூன்று வழி, மூன்று விலை

கோப்பு, கோப்பை, கோப்பில், கோப்புகளிலிருந்து என்று தமிழ்ச் சொல் வால் வளர்த்துக்கொண்டே போகும். ‘கோப்பு’ என்று தேடுகிறவருக்கு ‘கோப்பில்’ என்று எழுதிய பக்கமும் வர வேண்டும்.

வேர்ச்சொல் கழிப்பான், அதாவது விகுதியை வெட்டி வேரை மட்டும் விடுவது, முதல் வழி. ஸ்நோபால் என்ற கழிப்பான் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலிருந்து அதைத் தன்னோடு கொண்டுவருகிறது. இன்டெக்ஸ் சுருங்கும், தேடல் வேகமாகும், செலவு கட்டும் நேரத்தில். விலை துல்லியத்தில்: விதிப்படி வெட்டுவதால் சில நேரம் அதிகமாக வெட்டும், வேறு வேறு சொற்கள் ஒரே வேரில் வந்து விழும். ‘பிறின்டர்’ மாதிரி இரவல் சொல்லில் அது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது, முன்னொட்டுத் தேடல். தமிழில் மாற்றம் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் என்பதால் இது நம்மவருக்கு வாய்த்த வழி. தேடும் சொல்லின் கடைசியில் உகரக் குறியோ புள்ளியோ இருந்தால் அதை மட்டும் கழற்றிவிட்டு, மிச்சத்தில் தொடங்கும் எல்லாவற்றையும் கேளுங்கள். ‘கோப்பு’ என்பது ‘கோப்ப’ ஆகும். கோப்பை, கோப்பில், கோப்புகள் எல்லாம் பிடிபடும். ‘பதிவேடு’ என்பது ‘பதிவேட’ ஆகும். ‘பதிவேட்டில்’ என்பதும் யுனிகோடில் அதே குறிகளோடுதான் தொடங்குகிறது, ஆகவே ஒற்று இரட்டிப்பதும் கூடவே பிடிபடுகிறது. ‘தகவல்’, ‘தகவலை’யும் அப்படித்தான். மகரத்தில் முடியும் சொல் மட்டும் தனி: ‘படிவம்’ என்பதற்கு ‘படிவம்’, ‘படிவத்த’ இரண்டையும் ‘அல்லது’ போட்டுக் கேளுங்கள். ‘படம்’ என்பதை ‘பட’ என்று வெட்டினால் படி, படிவம் எல்லாம் வரிசையில் வந்துவிடும்.

முன்னொட்டுக்கும் விலை உண்டு. ‘கோ’ என்ற ஒரே எழுத்தில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் கூட்டுவது கனமான வேலை. எஃப்டிஎஸ்5-இல் முன்னொட்டுக்கென்று தனி இன்டெக்ஸ் கேட்கலாம். நீளம் யுனிகோட் குறியில் எண்ணப்படும். ஆங்கிலத்துக்குச் சொல்லும் 2, 3 என்ற அளவு தமிழில் ஒன்று, ஒன்றரை எழுத்துத்தான். 3, 4 என்று வையுங்கள். 300 பக்கத்துக்கு இது இல்லாமலே ஓடும்.

மூன்றாவது, ட்ரைகிராம். சொல்லைப் பாராமல் மூன்று மூன்று குறியாக வெட்டி இன்டெக்ஸ் செய்வது. ‘சீட்டு’ என்று தேடினால் ‘பற்றுச்சீட்டு’க்குள் இருப்பதும் கிடைக்கும், முன்னொட்டால் இது முடியாது. ஆனால் 120,000 சொல் இருந்த இடத்தில் பத்து இலட்சத்துக்கு மேல் பதிவு வரும். அதோடு தமிழில் மூன்று குறி என்பது மிகச் சின்னத் துண்டு. க்க, த்த, ப்ப, ட்ட, கள் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு ட்ரைகிராம். எல்லாப் பக்கத்திலும் நிறைந்து கிடக்கும். மூன்று குறிக்குக் குறைந்த சொல்லுக்கு விடையே வராது.

நான் பரிந்துரைப்பது முன்னொட்டு வழி. கூட்டுச் சொல்லுக்காக ட்ரைகிராமை எல்லா உரைக்கும் போடாதீர்கள். தலைப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ட்ரைகிராம் இன்டெக்ஸ் வைத்து, முதல் தேடலில் ஒன்றும் வராவிட்டால் மட்டும் அதைக் கேளுங்கள்.

7. வாசகரின் வாயில் வரும் சொல்

பக்கத்தின் தலைப்பு ‘பற்றுச்சீட்டை நீக்குதல்’. ஆலையிலிருந்து வரும் போன் இப்படி: “தம்பி, நேற்றையச் சிட்டைய அழிக்கிறது எங்க இருக்கு? தேடிப் பார்த்தன், ஒண்டும் வரல்ல.” அவர் தட்டியது ‘சிட்டை அழிக்க’. இரண்டு சொல்லில் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. உலகத்திலேயே வேகமான இயந்திரம் வைத்தாலும் இதற்கு விடை பூச்சியம்தான்.

சிட்டை, பில், ரசீது, பற்றுச்சீட்டு, இன்வொய்ஸ். அச்சு, பிரிண்ட், பிறின்ட். மூடை, மூட்டை. நீக்கு, அழி, டிலீட். இப்படி ஒரு ஒப்புச்சொல் அட்டவணை எழுதுங்கள். உதவிப் பக்கத்தில் வரும் வினைகள் குறைவு என்பதால் அழிக்க, அழித்தல், அழிப்பது போன்ற வடிவங்களையும் இங்கேயே போட்டுவிடலாம். அதற்காக வினைகளை வெட்டும் விதி எழுதி மண்டையை உடைக்கத் தேவையில்லை.

இந்த அட்டவணையை எப்போது பயன்படுத்துவது என்பதிலும் ஒரு தெரிவு. இன்டெக்ஸ் கட்டும்போதே எல்லா ஒப்புச்சொல்லையும் உள்ளே தள்ளினால் தேடல் வேகமாக இருக்கும். ஆனால் இன்டெக்ஸ் பெருக்கும், பக்கத்தின் நீளக் கணக்குக் குழம்பித் தரவரிசை கோணலாகும், ஒரு சொல் சேர்க்க முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். தேடும்போது விரித்தால் ஒரு சொல் ஐந்து சொல்லாகி ‘அல்லது’ போட்டுப் போகும். இந்த அளவுத் தொகுப்பில் அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. செலவைக் கட்டும் நேரத்தில் இறக்கச் சொன்ன நான் இங்கே மட்டும் மாறிச் சொல்கிறேன். காரணம், இந்த அட்டவணை முதல் சில மாதம் வாராவாரம் வளரும்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களும் உண்டு. அடிக்கடி வரும் சொற்களை அதே அட்டவணையில் சேர்த்தால் போதும், முழு எழுத்துப்பெயர்ப்பு இயந்திரம் வேண்டாம்.

8. எதை ஒரு விடையாகக் கொள்வது

முழுப் பக்கத்தையும் ஒரு அலகாக இன்டெக்ஸ் செய்தால் இன்டெக்ஸ் சின்னது. ஆனால் ‘ஈரப்பதக் கழிவு’ தேடியவரை நீளமான ‘நெல் கொள்வனவு’ப் பக்கத்தின் தலையில் கொண்டுபோய் விடும். உபதலைப்பு வாரியாக வெட்டினால் நேராக அந்தப் பந்தியில் இறக்கலாம். அலகுகளின் எண்ணிக்கை ஐந்தாறு மடங்காகும், இன்டெக்ஸ் அந்த அளவுக்குப் பெருக்காது. தயங்காமல் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டோடும் பக்கத் தலைப்பையும் தனி நிரலாகச் சேர்த்து வையுங்கள்.

தரவரிசைக்குப் பிஎம்25 என்ற சூத்திரம் போதும். எஃப்டிஎஸ்5, லூசீன் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. தலைப்பு நிரலுக்கு உடலைவிடப் பத்து மடங்கு கனம் கொடுத்துத் தொடங்குங்கள். செலவே இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கம் இருந்தால் மொழிக்கு ஒரு இன்டெக்ஸ். பேஜ்ஃபைண்ட் பக்கத்தின் மொழிக் குறியைப் பார்த்துத் தானாகவே பிரிக்கும். அந்தக் குறியைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

9. புதுப்பித்தல்

புதிதாக எழுதியதைச் சின்னத் துண்டாக வைத்து, பிறகு துண்டுகளை ஒன்றாக்குவதுதான் இந்த இயந்திரங்களின் வழக்கம். அரை மூடைகளை அவ்வப்போது சேர்த்து முழு மூடையாகக் கட்டுவதுபோல. எலாஸ்டிக்சர்ச் இயல்பாகச் செக்கனுக்கு ஒருமுறை புதியதைத் தேடலுக்குத் திறந்துவிடும். உதவிப் பக்கத்துக்கு அந்த அவசரம் எதற்கு? பதிப்பு வெளியிடும்போது முழுவதையும் புதிதாகக் கட்டி, எல்லாத் துண்டையும் ஒன்றாக்கி, பழைய கோப்பின் இடத்தில் வைத்துவிடுங்கள். எஃப்டிஎஸ்5-இல் ‘ஆப்டிமைஸ்’ கட்டளை இதற்குத்தான்.

10. தட்டத் தட்டத் தேடுவது

எழுத்து விழ விழ விடை காட்டுவது அழகுதான். ஆனால் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘கோ’ வருவதற்குள் பெட்டியில் முதலில் ‘க்’, பிறகு ‘கொ’ என்று இடைநிலைகள் வந்து போகும். ஒவ்வொன்றுக்கும் தேடினால் போன் சும்மா உழைக்கும், விடைப்பட்டியல் துள்ளும். எழுத்துச் சேர்க்கை முடிந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கலாமென்றால், சில போன் விசைப்பலகைகள் இடைவெளி தட்டும்வரை முழுச் சொல்லையும் சேர்க்கையிலேயே வைத்திருக்கும். கடைசித் தட்டலுக்குப் பிறகு கால் செக்கன் பொறுத்துத் தேடுவதுதான் எல்லாக் கருவியிலும் ஒழுங்காக நடக்கிறது. தேடலை உலாவியின் பின்னணி இழையில் ஓடவிட்டால் தட்டுவதும் தடைப்படாது.

11. அளப்பது

உங்கள் மேசைக் கணினியில் அளந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். விலை குறைந்த ஒரு போன், ஆலையில் இருக்கும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் கணினி, இந்த இரண்டிலும் அளந்து பாருங்கள். கணினியைத் திறந்தவுடன் செய்யும் முதல் தேடலையும், அதற்குப் பிறகு வருபவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். டிஸ்கிலிருந்து படிக்க வேண்டிய முதல் தேடல்தான் எப்போதும் மெதுவானது, அவசரக்காரர் செய்வதும் அதைத்தான். சராசரியைவிட, இருபதில் ஒரு தேடல் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைப் பாருங்கள். பத்தில் ஒரு செக்கனுக்குள் வந்தால் மனிதருக்கு உடனடியாகத் தோன்றும், ஒரு செக்கன் வரை பொறுப்பார்கள். ஒரு செக்கனுக்குள் இருந்தால் வேகத்தை விட்டுவிட்டு விடையின் தரத்தைப் பாருங்கள்.

அதற்கு ஒரு கோப்பு வையுங்கள்: ஒரு வரியில் தேடும் சொல், பக்கத்தில் வரவேண்டிய துண்டின் பெயர். போனில் வந்த கேள்விகளை, கேட்டவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘சிட்டை அழிக்க’, ‘பிறின்ட் வரல்ல’, ‘ஈரம் கழிக்க’. ஒவ்வொரு முறை இன்டெக்ஸ் கட்டும்போதும் இந்தப் பட்டியலை ஓட்டி, வரவேண்டிய துண்டு முதல் மூன்றுக்குள் வராவிட்டால் வெளியீட்டை நிறுத்திவிடுங்கள். டோக்கனைசரை மாற்றியதால் எது உடைந்தது, ஒப்புச்சொல் சேர்த்ததால் எது பின்னால் போனது என்று உடனே தெரியும்.

விடை பூச்சியமான தேடல்களைப் பதிவு செய்யுங்கள், ஒப்புச்சொல் அட்டவணைக்கு அதுதான் ஊற்று. ஆனால் உதவிப் பெட்டியைக் கணக்குத் தேடும் பெட்டி என்று நினைத்து, விவசாயிகளின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தட்டுகிறவர்கள் இருப்பார்கள். எண் கலந்த தேடல்களைப் பதிவிலேயே ஏற்றாதீர்கள். மற்றவற்றையும் அட்டவணையில் சேர்த்த கையோடு அழித்துவிடுங்கள்.